ஆறாவது ஆள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் திருப்பூரில் ஐந்து நண்பர்கள். பனியன் கம்பெனிகள் கழிக்கும் கட்டிங் வேஸ்ட் துணியை வாங்கி, கையால் சாயமேற்றி, ஒட்டுப்போட்டு, சட்டைகளும் பைகளும் செய்து விற்கிறோம். தைப்பதற்கு ஓர் அக்காவை வைத்திருக்கிறோம். சென்ற பொங்கலுக்குத் தெருக்காரர்கள் 40 பேரைச் சேர்த்துக்கொண்டு மூங்கிலாலும் துணியாலும் 15 அடி உயர மயில் ஒன்றைக் கட்டினோம். அதுதான் உண்மையான கலை, சட்டை தைப்பது வயிற்றுக்காகச் செய்யும் சமரசம் என்று எங்களில் சிலர் வருந்துகிறார்கள். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளிபோல ஓர் இயக்கமாக வளர வேண்டும் என்பது என் கனவு. சங்கமாகப் பதிவு செய்வதா, பார்ட்னர்ஷிப் நிறுவனமாகவா? நல்ல பெயர் ஒன்றும் சொல்லுங்கள். படங்களை இணைத்துள்ளேன்.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மயிலின் கழுத்து அழகாக வந்திருக்கிறது, கால்கள் வரவில்லை. ஆனால் 40 பேரை வெயிலில் நிறுத்தி மூங்கில் பிளக்க வைத்த உங்கள் ஐவரையும் நேரில் கண்டால் முதுகில் தட்டிக்கொடுப்பேன்.

என் கண் நின்ற இடம் ‘சமரசம்’ என்ற சொல். சில வாரங்களாகவே சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்ததால் அது கூடுதலாக உறுத்தியிருக்கலாம். இன்று கவின்கலைக் கல்லூரி என்று அழைக்கப்படும் சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர், தம் மாணவர்கள் படிப்பு முடிந்ததும் பிழைப்புக்காகத் தூரிகையைக் கீழே வைத்துவிடுவதைப் பார்த்து வருந்தியவர். ஓவியம் விற்காது என்பது அன்றைய நிலை. எனவே ஓவியர்களும் சிற்பிகளும் ஒரு கைவினைச் சங்கமாகச் சேர்ந்து, மெழுகால் கோடிட்டுச் சாயமேற்றும் பாடிக் துணிகளையும் வேறு கைவினைப் பொருட்களையும் செய்து விற்றார்கள். அப்படிச் சேர்ந்த பணம்தான் ஈஞ்சம்பாக்கத்துக் கடலோர மணலில் சுமார் 10 ஏக்கர் நிலமாகி, 1966இல் ஓவியர் கிராமமாக எழுந்தது. பணிக்கர் தம் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களை வரைந்துகொண்டிருந்ததும் இதே ஆண்டுகளில்தான். மெழுகுச்சட்டியின் புகை அவருடைய ஓவியக் கோடுகளை எங்கே மழுங்கடித்தது என்று உங்கள் நண்பர்கள் காட்டட்டும். அதன்பிறகு சமரசத்தைப் பற்றிப் பேசுவோம்.

பௌஹவுஸ் என்கிறீர்கள். 1919இல் தொடங்கிய அந்தப் பள்ளியில் பெண்களை நெசவுப் பட்டறைப் பக்கமே தள்ளிவிட்டார்கள் என்பதையும், அந்த நெசவுப் பட்டறைதான் விற்பனையில் முன்வரிசையில் நின்று பள்ளிக்குச் சம்பாதித்துத் தந்தது என்பதையும் சேர்த்துப் படித்துவிட்டுக் கனவு காணுங்கள்.

மயில் கட்டிய 40 பேரும் பொங்கல் முடிந்ததும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். நீங்கள் ஐவரும் இன்றும் ஒரே கூரையின் கீழ் தினமும் கூடுகிறீர்கள் என்றால், சனிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டிய சட்டை இருப்பதால்தான் கூடுகிறீர்கள். எனக்கு இது உபதேசமாகத் தெரிந்த விஷயமன்று. ஒரு குழுவைக் கெடுத்துத் தெரிந்துகொண்டது.

1988இல் நானும் இரு நண்பர்களும் திருவான்மியூரில் ஒரு மொட்டைமாடி அறையை வாடகைக்கு எடுத்து, பாடிக் செய்து விற்பதென்று இறங்கினோம். பாடிக்கில் மெழுகின் சூடுதான் எல்லாம். சூடு குறைந்தால் மெழுகு துணியின் மேலேயே மங்கலாகப் படிந்து நின்றுவிடும். அடிப்பக்கமாகச் சாயம் புகுந்துவிடும். சூடு மிகுந்தால் புகையும், கோடும் கட்டுக்கடங்காமல் பரவும். சரியான சூட்டில் விழுந்த கோடு, நீர் பட்ட இடம்போல, துணியின் இருபுறமும் தெளிந்து தெரியும். பாரஃபின் நொறுங்கி விரிசல் கொடுக்கும். தேன்மெழுகு வளைந்து கொடுக்கும். எந்த வேலைக்கு எது எவ்வளவு என்பது கைக்குத் தெரிய வேண்டும். எங்கள் மூவரில் அது தெரிந்த கை ஒன்றுதான். அவர் கரூரில் சாயப்பட்டறை வீட்டில் வளர்ந்தவர். நான் வரைவேன், இன்னொருவர் வாங்குபவர்களிடம் பேசுவார், அவரோ மெழுகு காய்ச்சுவார், மெழுகு இளகிவிடாதபடி ஆறிய சாயத்தில் வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்கு ஒவ்வொன்றாக முக்கி எடுப்பார், கடைசியில் துணியைக் கொதிநீரில் போட்டு, மிதக்கும் மெழுகை வழித்து அடுத்த வேலைக்குச் சேர்த்து வைப்பார். இரவில் நாங்கள் இருவரும் மாடியில் கலையைப் பற்றி விவாதித்துக்கொண்டிருக்கும்போது கீழே குழாயடியில் துணி அலசும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். ஐந்தாம் மாதம் ஒரு சிறிய கண்காட்சி வைத்தோம். ஒவ்வொரு துணியின் கீழும் அட்டையில் என் பெயரை மட்டும் எழுதினேன். வரைந்தவன் நான்தானே என்று நினைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஸ்டவ்வைத் துடைத்து வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் நான் மெழுகு காய்ச்சினேன். 11 மீட்டர் துணி பாழாயிற்று.

இதனால்தான் உங்கள் கடிதத்தின் ஒரு வரியை மட்டும் மீண்டும் மீண்டும் படித்தேன். ‘தைப்பதற்கு ஓர் அக்காவை வைத்திருக்கிறோம்.’ தையல் மெஷினை வைத்திருக்கலாம், கத்தரிக்கோலை வைத்திருக்கலாம். அக்காவை எப்படி ஐயா வைத்திருக்கிறீர்கள்? மயிலுக்கு நான்கு வரி எழுதிய உங்களுக்கு அவரைப் பற்றி எழுத இரண்டாவது வரி கிடைக்கவில்லையா? நீங்கள் அனுப்பிய சட்டைப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டிங் வேஸ்ட் ஒரு துண்டைப்போல இன்னொன்று இராது. பனியன் துணி இழுபடும். அதை இழுபடாத நெசவுத் துணியோடு சேர்த்துத் தைத்தால் தையல் நெளிந்து சுருங்கும். உங்கள் சட்டைகளில் தோளிலோ பக்கவாட்டிலோ ஒரு நெளிவுகூட இல்லை. எந்தத் துணியை எவ்வளவு தளர்த்திப் பிடிப்பது என்று தெரிந்த விரல்கள் அவை. மயிலின் தோகையிலும் அதே தையலைப் பார்த்ததாக எனக்குத் தோன்றுகிறது, தவறென்றால் திருத்துங்கள். அவருக்குப் பீஸ் ரேட்டில் கூலி கொடுக்கிறீர்களா, மாதச் சம்பளமா என்று நான் கேட்கப்போவதில்லை. எந்தத் துண்டை எதனோடு சேர்ப்பது என்று நீங்கள் ஐவரும் கூடிப் பேசும்போது அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று மட்டும் கேட்கிறேன். கலையா சமரசமா என்று வருந்தும் நண்பர்களை ஒரு மாதம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டுத்துணி பிரிக்கச் சொல்லுங்கள். வருத்தம் நீடித்தால் எனக்கு எழுதட்டும்.

நீங்கள் கேட்ட கேள்வியை மறந்தேவிட்டேன். லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் ஓர் ஆடிட்டரைப் பாருங்கள். பார்ட்னர்ஷிப்புக்கு இரண்டு பேரே போதும். சங்கம்தான் வேண்டுமென்றால், 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் தேவை. ஐந்து பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் நீங்கள் ஆறு பேர். அக்காவிடம் அவருக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டு, ஏழாவது ஆள் யாரென்று எனக்கு எழுதுங்கள்.