பாலக்கோட்டில் கட்டும் வீட்டுக்கு எந்த ஸ்மார்ட் சுவிட்ச், சென்சாரை நம்பி வாங்கலாம்?

நீங்கள் பெங்களூரில் வேலையில் இருக்கிறீர்கள், வீடு பாலக்கோட்டில் எழும்புகிறது, அதில் குடியிருக்கப் போவது அப்பாவும் அம்மாவும். சுவரைக் கொத்தி ஒயரிங் பைப் பதிக்கிற கட்டம். லைட், ஃபேன், கீசர், மோட்டார் எல்லாவற்றையும் போனில் பார்க்க வேண்டும், எந்த பிராண்ட் நம்பகமானது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்பு பார்க்கிறவன், வீடு தருமபுரி டவுனில். என் வீட்டிலும் சொந்தபந்தங்கள் வீட்டிலும் மாட்டியதை வைத்துச் சொல்கிறேன்.

பிராண்ட் பெயரைக் கடைசியில் பார்க்கலாம். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் இரண்டே கேள்வி. நெட் போனால் இது என்ன செய்யும்? கரண்ட் போய்த் திரும்பி வந்தால் என்ன செய்யும்? உங்கள் விஷயத்தில் மூன்றாவதும் உண்டு: இது செத்துப்போனால், நீங்கள் ஊருக்கு வரும்வரை காத்திருக்காமல் உள்ளூர் எலக்ட்ரீஷியன் சரிசெய்துவிடுவாரா?

நெட் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்மார்ட் சுவிட்ச் விற்ற இன்ஸ்டியான் என்ற அமெரிக்க நிறுவனம் 2022 ஏப்ரலில் சொல்லாமல் கொள்ளாமல் சர்வரை நிறுத்தியது. பணம் கொடுத்து வாங்கியவர்கள் வீட்டில் ஆப் ஒன்றுக்கும் உதவவில்லை. பெல்கின் நிறுவனம் தன் வீமோ ஸ்மார்ட் பொருட்களில் பெரும்பாலானவற்றுக்கு 2026 ஜனவரி 31 உடன் ஆதரவு முடிகிறது என்று முன்கூட்டியே அறிவித்தது. அவர்களாவது சொல்லிவிட்டுச் செய்தார்கள். பெரிய பெயர் என்பதால் நிலைக்கும் என்று நினைக்க இடமில்லை. அதனால் பொருள் வந்த அன்றே ஒரு சோதனை செய்யுங்கள். ரவுட்டர் ஓடட்டும், ஃபைபர் கேபிளை மட்டும் கழற்றுங்கள். போனிலிருந்து லைட் எரிகிறதா? 'ஆறு மணிக்கு எரி' என்று வைத்த நேரக்கட்டளை நடக்கிறதா? ஆப்பில் எரிந்து, நேரக்கட்டளை மட்டும் நடக்காவிட்டால் மூளை வீட்டில் இல்லை, எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. ரிட்டர்ன் தேதி தாண்டுவதற்குள் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்போது ஒயரிங். பைப் பதிக்கிற கட்டத்தில் கேட்டீர்களே, அதுவே பெரிய புண்ணியம். எல்லா சுவிட்ச் பாக்ஸுக்கும் நியூட்ரல் ஒயர் (கரண்ட் திரும்பிப் போகிற ஒயர்) வரவேண்டும் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நம் பக்கத்து போர்டுகளில் பெரும்பாலும் ஒரு சாக்கெட் இருக்கும், அங்கே நியூட்ரல் தானாக வந்துவிடும். சிக்கல் எல்லாம் மாடிப்படி டூ-வே சுவிட்ச், கட்டில் பக்கத்து சுவிட்ச், பாத்ரூமுக்கு வெளியே இருக்கிற ஒற்றை சுவிட்ச் இவற்றில்தான். எலக்ட்ரீஷியன் கட்டாயம் கேட்பார்: "சுவிட்சுக்கு எதுக்குண்ணா நியூட்ரல்? பேஸை வெட்டினா போதாதா?" சாதா சுவிட்சுக்குப் போதும். ஸ்மார்ட் சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் உள்ளே ரேடியோ விழித்திருக்க வேண்டும், அதற்குக் கரண்ட் வேண்டும். நியூட்ரல் இல்லாமல் வேலை செய்யும் என்று விற்கிற வகை, அந்தக் கரண்டை பல்ப் வழியாகவே கசியவிட்டு எடுத்துக்கொள்ளும். 5 வாட் எல்.இ.டி. பல்ப் ராத்திரி முழுக்க மினுக் மினுக்கென்று கண் சிமிட்டுவது அதனால்தான். அதற்கு ஒரு கெப்பாசிட்டர் தருவார்கள், வேலையும் செய்யும், ஆனால் புது வீட்டில் எதற்கு அந்தத் தொல்லை?

கூடவே சுவரில் பதிக்கிற ஜி.ஐ. தகர பாக்ஸை ஆழமானதாகக் கேளுங்கள். ஒருமுறை பாக்ஸுக்குள் கையைவிட்டுப் பாருங்கள். கொத்தனார் பூசும்போது உள்ளே விழுந்த கலவை அடியில் இறுகியிருக்கும், நாலு சுவிட்சின் ஒயர் சுருண்டு கிடக்கும், எர்த் ஒயர் ஒரு மூலையில் மடங்கியிருக்கும். அதற்கு மேல் தீப்பெட்டி அளவு ரிலே மாட்யூல் (போன் சொன்னபடி கரண்டை இணைத்து வெட்டுகிற பெட்டி) ஒன்றை வைத்து பிளேட்டை மூடப் பார்த்தால் பிளேட் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அழுத்தித் திருகினால் ஸ்குரூ டெர்மினலில் ஒயர் லூஸாகும், லூஸ் கனெக்‌ஷன் சூடாகும். நான் வேலை செய்யும் இடத்தில் கருகிப்போய் வரும் பேனல்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த லூஸ்தான் மூலகாரணம்.

சுவிட்சில் என் கட்சி ஒன்றுதான்: ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட சாதா மாடுலர் சுவிட்ச் முன்னால் அப்படியே இருக்கட்டும், ஸ்மார்ட் மாட்யூல் அதன் பின்னால் ஒளிந்திருக்கட்டும். ஷெல்லி, சோனாஃப் மினி போன்றவை இந்த ரகம். அப்பா வழக்கம்போல சுவிட்சைத் தட்டுவார், நீங்கள் பெங்களூரிலிருந்து போனில் தட்டலாம். மாட்யூல் செத்தால் எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றிவிட்டு, சாதா சுவிட்சாகவே ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். கண்ணாடி டச் பேனல் பார்க்க அழகு. ஆனால் உள்ளே ஒரு போர்டு போனால் அந்த அறையே இருட்டு, அதே சைஸில் மாற்று கிடைப்பதும் நிச்சயமில்லை. ஈரக்கையோடு தொட்டால் சிலது கேட்காது. அம்மா சமையலறையில் எதை விரும்புவார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆம்பியர் கணக்கை அசட்டையாக விடாதீர்கள். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் மாட்யூல் தாங்கும் என்று காகிதம் சொல்லும், நான் 16-க்குக் குறைந்து போடமாட்டேன். மோட்டாரை நேராக எந்த மாட்யூலிலும் கொடுக்கவே கூடாது. 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது ஆறேழு ஆம்பியர்தான் எடுக்கும், ஆனால் ஸ்டார்ட் ஆகிற நேரத்தில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அந்த இழுப்பில் ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் ஆப்பில் 'ஆஃப்' காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். காண்டாக்டர் என்பது பெரிய கரண்டைத் தாங்குகிற காந்த சுவிட்ச்; மாட்யூல் அதன் காயிலை மட்டும் இயக்கட்டும், மோட்டாரைக் காண்டாக்டர் இயக்கட்டும். போர் வற்றினால் நிறுத்துகிற டிரை-ரன் பாதுகாப்பு ஸ்டார்ட்டர் பாக்ஸிலேயே தனியாக இருக்கட்டும், அதை எந்த ஆப்பிடமும் ஒப்படைக்காதீர்கள்.

கரண்ட் கேள்வி. மாதாந்திர பராமரிப்பு என்று ஈ.பி.யில் காலை 9 மணிக்கு நிறுத்தி, சாயங்காலம் கொடுக்கும்போது வீட்டில் என்னென்ன தானாக ஓட ஆரம்பிக்கும்? நல்ல மாட்யூல்களில் 'கரண்ட் வந்தபின் நிலை' என்று ஒரு அமைப்பு இருக்கும். கீசருக்கும் மோட்டாருக்கும் 'ஆஃப்', லைட்டுக்கு 'முன்பிருந்தபடி'. இந்த அமைப்பே இல்லாத மாட்யூலை வாங்க வேண்டாம். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். ஒன்று போட்டுவிட்டால் பாதி புகார் குறையும்.

வைஃபையா, ஜிக்பீயா (ஸ்மார்ட் பொருள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற தனி ரேடியோ முறை)? நாலைந்து சுவிட்ச் என்றால் வைஃபை போதும். முப்பதைத் தொடும் என்றால் நெட் கம்பெனி இலவசமாகக் கொடுத்த ரவுட்டர் திணறும், அப்போது ஜிக்பீ. கரண்டில் ஓடும் ஜிக்பீ பொருள்களில் பெரும்பாலானவை பக்கத்தில் இருப்பதன் சிக்னலை வாங்கி அடுத்ததற்குக் கடத்தும், அதனால் கடைசி அறை வரை எட்டும். பேட்டரி சென்சார்கள் கடத்தாது. ஜிக்பீயைக் கம்ப்யூட்டர் வைத்து இயக்குவதானால், அதன் டாங்கிளை (யூ.எஸ்.பி.யில் செருகுகிற சின்ன ரேடியோ) நேராகச் செருகாமல் ஒரு யூ.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வையுங்கள், யூ.எஸ்.பி. 3.0 போர்ட்டின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுக்கும். இன்னொன்று: அமெரிக்காவில் இருக்கிற மச்சான், ஜிக்பீ போல இன்னொரு ரேடியோ முறையான இசட்-வேவில் ஓடும் சுவிட்ச் வாங்கி வருகிறேன் என்றால் அன்போடு மறுத்துவிடுங்கள். அங்கே அது 908 மெகாஹெர்ட்ஸ், இங்கே 865. அங்கத்திய சுவிட்ச் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கானது வேறு.

சென்சார் பக்கம் வந்தால், பி.ஐ.ஆர். அசைவு சென்சார் மலிவு, பேட்டரி வெகுநாள் வரும். ஆனால் அது பார்ப்பது உடல் சூட்டுக்கும் பின்னணிச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. சித்திரை வெயிலில் சுவரே 36, 37 டிகிரிக்கு வந்துவிட்டால் ஆள் நடப்பது சரியாகத் தெரியாது. ஓசூர் குளிர்ச்சிக்கு இந்தப் பிரச்சினை அவ்வளவாக வராது, தருமபுரி பக்கம் வரும். லென்ஸ் மேலேயே பல்லி ஏறினால் ஆள் வந்ததாக நினைத்து லைட்டைப் போடும். ரேடார் வகைக்கு வெயிலால் தொந்தரவு இல்லை, அசையாமல் உட்கார்ந்திருப்பவரையும் கண்டுபிடிக்கும். அதற்கு எதிரி நம் சீலிங் ஃபேன். ஃபேனுக்கு நேராகப் பார்க்கும்படி வைத்தால் யாருமில்லாத அறையிலும் ஆள் இருப்பதாகவே சொல்லும்.

உங்கள் வீட்டில் முக்கியமானது தொட்டி சென்சார்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தாலும் புழங்குவதற்கு போர் தண்ணீர்தானே. (ஃப்ளோரைடு பற்றித்தான் நம் ஊரில் எல்லோரும் பேசுவோம், சென்சாரைக் கெடுப்பது அதுவல்ல, கடினத் தண்ணீரின் சுண்ணாம்பு.) உலோகக் கம்பி வைத்த சென்சாரில் வெள்ளையாக உப்புப் படிந்து, டி.சி. கரண்டில் கம்பி அரித்தும் போகும். ஒலியலையால் அளக்கிற அல்ட்ராசோனிக் சென்சார் தண்ணீரைத் தொடாது, ஆனால் மூடிய தொட்டியில் அதன் முகத்தில் நீர்த்துளி படிந்தால் தப்பாகக் காட்டும். வாட்டர்ப்ரூஃப் வகை பலவற்றுக்கு 20 சென்டிமீட்டருக்குள் கண் தெரியாது, தொட்டி நிரம்புகிற இடமே அதுதான். அளவு பார்க்க அல்ட்ராசோனிக் வைத்துக்கொள்ளுங்கள், மோட்டாரை நிறுத்துகிற பொறுப்பைக் கேபிளில் தொங்கும் ஃப்ளோட் சுவிட்சுக்குக் கொடுங்கள். தொட்டி கழுவும்போது ஃப்ளோட்டையும் துடைத்துவிட்டால் போதும்.

கதவு சென்சார், வெப்பநிலை சென்சார் எதுவும் சுமாரான பிராண்டே போதும். ஆனால் என்ன பேட்டரி என்று பாருங்கள். டிரிபிள்-ஏ பாலக்கோடு மளிகைக் கடையிலேயே கிடைக்கும், விசித்திரமான பட்டன் செல் போடுவதை வாங்கினால் நீங்கள்தான் பெங்களூரிலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாட்டாதீர்கள். நியூட்ரலும் ஆழமான பாக்ஸும் இப்போது. குடிபோன பிறகு முதலில் மோட்டாரும் தொட்டியும், அடுத்து ராத்திரி பாத்ரூம் போகிற வழிக்கு ஒரு அசைவு சென்சார் லைட். அப்பா அம்மாவுக்கு அவை பழகியபின் மற்றது. எந்த போர்டில் எந்த மாட்யூல் இருக்கிறது, அதை எப்படிக் கழற்றி நேரடியாக இணைப்பது என்று தமிழில் எழுதி, எலக்ட்ரீஷியன் போன் நம்பரோடு டி.பி. பாக்ஸ் (வீட்டின் பிரேக்கர்கள் எல்லாம் இருக்கிற பெட்டி) கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அந்த டி.பி.யில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற பாதுகாப்பு சுவிட்ச்) இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.