எண்ணைப் பிடித்துக்கொண்டு வம்சம் தேடாதீர்கள்: ஹைலாண்ட் ரெஜிமென்டுகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: 1759இல் கியூபெக்கில் போரிட்ட 78ஆம் ஹைலாண்ட் (ஸ்காட்லாந்து மலைநாட்டு) ரெஜிமென்டும், 1803இல் இந்தியாவில் அசாயேயில் போரிட்ட 78ஆம் ரெஜிமென்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. 1881 வரை பிரிட்டிஷ் தரைப்படையில் எண் என்பது கதவிலக்கம் போன்றதாக இருந்தது. ஒரு குடித்தனம் காலி செய்தால் அடுத்த குடித்தனம் அதே இலக்கத்தில் வந்து குடியேறும். போர் மூண்டால் புதிய ரெஜிமென்டுகளைத் திரட்டுவார்கள். சமாதானம் வந்ததும் கடைசியாகத் திரட்டியவற்றை, அதாவது பெரிய எண் கொண்டவற்றை, முதலில் கலைப்பார்கள். ஆகவே ஹைலாண்ட் வரலாற்றில் மட்டும் மூன்று 78கள் உண்டு. சைமன் ஃபிரேசர் 1757இல் திரட்டியது 1763இல் கலைக்கப்பட்டது. சீஃபோர்த் பிரபு 1778இல் திரட்டியது 1786இல் 72 என்று எண் மாற்றம் பெற்றது. ஃபிரான்சிஸ் ஹம்பர்ஸ்டன் மெக்கன்சி 1793இல் திரட்டிய ராஸ்-ஷையர் பஃப்ஸ் மூன்றாவது. அசாயேயில் நின்றது இதுதான்.

கேள்வி: 1746இல் கல்லோடன் போரில், மன்னருக்கு எதிராகக் கலகம் செய்த ஹைலாண்ட் மக்களை நசுக்கிய அரசே, பத்தே ஆண்டுகளில் அவர்களிடம் துப்பாக்கியைக் கொடுத்தது ஏன்?

பதில்: ஏழாண்டுப் போருக்கு ஆள் போதவில்லை; மலைநாட்டில் வறுமையும் போர்ப் பழக்கமும் உள்ள இளைஞர்கள் இருந்தார்கள். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இதில் லாபம் இருந்தது. சைமன் ஃபிரேசரின் தந்தை லோவாட் பிரபு 1747இல் லண்டனில் தலை வெட்டப்பட்டவர். சைமனே 1746 வரை கலகப் படையில் இருந்தவர். அவர் மன்னருக்காக ரெஜிமென்ட் திரட்டிக் கொடுத்தார். பறிமுதலான குடும்ப நிலங்கள் 1774இல் திரும்பக் கிடைத்தன. 1746ஆம் ஆண்டுச் சட்டம் கில்ட் என்னும் மலைநாட்டுப் பாவாடை அணிவதைக் குற்றமாக்கியிருந்தது, ஆனால் படையில் சேர்ந்தவனுக்கு அந்தத் தடை இல்லை. அச்சட்டம் 1782இல்தான் நீக்கப்பட்டது.

கேள்வி: முதல் ஹைலாண்ட் ரெஜிமென்ட் எது?

பதில்: பிளாக் வாட்ச். 1739இல் அமைக்கப்பட்டது, முதலில் 43, பின்னர் 42.

கேள்வி: தமிழ்நாட்டில் இவர்கள் போரிட்டதுண்டா?

பதில்: உண்டு. 1745 கலகத்தில் தோற்றுச் சுவீடன் படையில் பணியாற்றிய மெக்லியோட் பிரபு, 1777இல் நாடு திரும்பி 73ஆம் ரெஜிமென்டைத் திரட்டினார். அதன் முதல் பட்டாலியன் (ரெஜிமென்டின் பெரும்பிரிவு) 1780 ஜனவரியில் சென்னையில் இறங்கியது. அவ்வாண்டு செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையை அழித்தபோது, துணைக்கு அனுப்பப்பட்டிருந்த 73இன் இரண்டு கம்பெனிகளும் (பட்டாலியனின் சிறு உட்பிரிவுகள்) அதனோடு அகப்பட்டன. அவற்றில் இருந்த கேப்டன் டேவிட் பெயர்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறையிருந்தார். கைதிகளை இரண்டிரண்டு பேராகச் சங்கிலியில் பிணைக்கிறார்கள் என்ற செய்தி வீட்டுக்கு எட்டியதும் அவருடைய தாய், மகனின் குணம் அறிந்தவராதலால், "எங்கள் டேவியோடு பிணைக்கப்பட்டவன் பாவம்" என்றாராம். அதே பெயர்டுதான் 1799 மே 4 அன்று அக்கோட்டைக்குள் தாக்குதல் படையை நடத்திச் சென்றார்.

1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் எஞ்சிய 73 போரிட்டது. சண்டை நடுவே பேக்பைப் ஊதியவனை மெச்சிய பிரிட்டிஷ் படைத்தலைவர் ஐர் கூட், வெள்ளிக் குழலுக்காக 50 பவுண்டு கொடுத்தார் என்பது அப்படையின் மரபு.

கேள்வி: 73ஆம் ரெஜிமென்ட் 1881இல் பிளாக் வாட்சோடு இணைந்தது. ஆகவே புள்ளலூரில் சிறைப்பட்டவர்கள் பிளாக் வாட்சின் முன்னோர்தானே?

பதில்: மீண்டும் எண். மெக்லியோடின் 73, 1786இல் 71 ஆயிற்று. பிற்காலத்து ஹைலாண்ட் லைட் இன்ஃபன்ட்ரியின் மூதாதை அதுதான். காலியான 73ஐ அதே ஆண்டில் பெற்றது 42இன் இரண்டாம் பட்டாலியன். பிளாக் வாட்சுக்கு உரியது அந்தப் பட்டாலியன் 1783–84இல் மங்களூர் முற்றுகையைத் தாங்கிய பெருமை.

கேள்வி: ஃபிரேசர் 1757இல் திரட்டிய 78ஐயும், 1775இல் அமெரிக்கப் போருக்காகத் திரட்டிய 71ஐயும் தனித்தனி என்று பிரிப்பதை நான் ஏற்கவில்லை. திரட்டியவர் ஒருவர், மலைநாடு ஒன்று, பழைய அதிகாரிகள் சிலரும் திரும்பி வந்தார்கள். இதுவும் வம்சமில்லையென்றால் வேறு எது வம்சம்?

பதில்: தாங்கள் சொல்வது குடும்ப வரலாறு; அதை நான் மறுக்கவில்லை. கலைக்கப்பட்ட 78இன் வீரர்கள் பலர் கனடாவிலேயே குடியேறினார்கள்; அவர்களில் சிலர் 1775இல் அங்கே திரட்டப்பட்ட ராயல் ஹைலாண்ட் எமிகிரன்ட்ஸ் படையில் சேர்ந்தார்கள். உறவைப் பார்த்தால் அந்தப் படையும் வாரிசுதான் என்றாகிவிடும். படைக்கணக்கில் வம்சம் என்பது அறுபடாத பெயர்ப்பட்டியல் ஒன்றே. கலைத்த நாளில் அது முடிகிறது.

கேள்வி: (அதே வாசகர்) அப்படியானால் 42இலிருந்து பிரிந்து, 1809இல் கில்ட்டையும் பறிகொடுத்து, சாதாரணக் காலாட்படையாகவே எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த 73ஐ மட்டும் எப்படிப் பிளாக் வாட்சின் பிள்ளை என்கிறீர்கள்? ஆளும் மாறி, உடையும் மாறி, ஊரும் மாறிவிட்டதே.

பதில்: நல்ல அடி, ஆனாலும் படவில்லை. மலைநாட்டில் ஆள் கிடைக்காததால்தான் 1809இல் ஆறு ரெஜிமென்டுகளின் ஹைலாண்ட் உடை நீக்கப்பட்டது. உடை போனது, பட்டியல் போகவில்லை. 73 ஒரு நாள்கூடக் கலைக்கப்படாததால் 1881இல் அது திரும்பிச் சேரத் தாய்வீடு இருந்தது. ஃபிரேசரின் 78 திரும்பி வர ஆளில்லை. தங்கள் வாதப்படி பார்த்தாலோ, ஃபிரேசரின் 71 கலைந்தபின் அந்த எண்ணில் குடியேறிய மெக்லியோட் படை யாருடைய வாரிசு?

கேள்வி: என் குடும்பப்பெயர் ஃபிரேசர் அல்ல, ஆனால் ஃபிரேசர் குலத்தின் டார்ட்டன் (கட்டம் போட்ட துணி) பிடித்திருக்கிறது. உடுத்தலாமா?

பதில்: தையற்காரரைக் கேளுங்கள்.

கேள்வி: சீஃபோர்த் படை கலகம் செய்தது உண்மையா?

பதில்: உண்மை. 1778 செப்டம்பரில் சம்பளப் பாக்கியும், தங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள் என்ற வதந்தியும் சேர்ந்து, எடின்பரோவின் ஆர்தர்ஸ் சீட் குன்றில் சில நாட்கள் முகாமிட்டார்கள். பேச்சுவார்த்தைக்குப் பின் இறங்கி வந்தார்கள். கடைசியில் இந்தியாவுக்கே அனுப்பப்பட்டார்கள். 1781இல் கப்பலேறிய பிரபு வழியிலேயே இறந்தார். 1782இல் சென்னைக்கு வந்துசேருமுன் ஸ்கர்வி நோய்க்கு 200க்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

கேள்வி: 74ஆம் ரெஜிமென்ட் 1777இல் திரட்டப்பட்டு, அமெரிக்காவில் போரிட்டு, பிறகு அசாயேயில் யானைச் சின்னம் பெற்றது என்று எழுதியிருக்கிறேன். சரிபார்க்க முடியுமா?

பதில்: ஐயா, மேலே உள்ள பதில்களைப் படித்தபின் கேட்டிருக்கலாம். 1777இல் திரட்டிய 74 அமெரிக்கப் போர் முடிந்ததும் கலைக்கப்பட்டது. யானைச் சின்னம் பெற்றது, இந்தியப் பணிக்கென்றே 1787இல் திரட்டிய வேறொரு 74.