தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளையும் யூதரா?

யூதர் என்ற அடையாளம் பிள்ளைக்கு வருவது தாய்வழியா, தந்தைவழியா என்று கேட்டிருக்கிறீர்கள். யூத மதச் சட்டமான ஹலாகாவின்படி தாய்வழிதான். தாய் யூதர் என்றால், தந்தை யாராக இருந்தாலும் பிள்ளை யூதர். தந்தை மட்டும் யூதர் என்றால், பிள்ளை முறைப்படி மதம் மாறியாக வேண்டும். சட்டம் இவ்வளவுதான். அது ஒரு குடும்பத்தை என்ன பாடு படுத்தும் என்பதைக் கூடவே இருந்து பார்த்தவள் நான்.

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் ஒரு யூதப் பாட்டியைப் பராமரிக்கும் வேலையில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். 1991-இல் உக்ரைனிலிருந்து மகன், மருமகள், மூன்று வயதுப் பேத்தியோடு வந்தவர். பேத்திக்குத் திருமணம் நிச்சயமானபோது, பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து பிறப்புச் சான்றிதழ்களை மேசையில் பரப்பினார். சோவியத் சான்றிதழ்களில் பெற்றோரின் இனமும் எழுதப்பட்டிருக்கும். தம் தாயின் பெயருக்கு எதிரே விரலை வைத்து "யெவ்ரெய்கா" என்று வாசித்தார். யூதப் பெண் என்று பொருள். மகனின் சான்றிதழில் தம் பெயருக்கு எதிரேயும் அதே சொல். பேத்தியின் சான்றிதழில் விரல் தாயின் பெயருக்கு வந்து நின்றுவிட்டது. அங்கே "உக்ரேனியர்" என்று இருந்தது.

அந்தப் பேத்தி வளர்ந்தது ஹீப்ருவில், ராணுவத்திலும் பணியாற்றியவள். இஸ்ரேலின் 'திரும்பும் உரிமைச் சட்டம்' 1970-இல் திருத்தப்பட்டபோது, யூதரின் பேரப்பிள்ளைகளுக்கும் குடியேறும் உரிமை கிடைத்தது. அதே திருத்தம் யூதர் என்பவர் யூதத் தாய்க்குப் பிறந்தவர் அல்லது மதம் மாறியவர், வேறு மதத்தைச் சேராதவர் என்றும் வரையறுத்தது. ஆக, அவள் குடியுரிமை பெறலாம், யூதராகப் பதிவு பெற முடியாது. அதனால் யூத முறையில் மணக்க முடியாது. உள்நாட்டில் மதச்சார்பற்ற திருமணமும் கிடையாது. மதம் மாறலாமே என்று திருமணப் பதிவு அலுவலகத்தில் சொன்னார்களாம். "நான் எதிலிருந்து எதற்கு மாறுவது?" என்று அவள் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

வேதாகமக் காலத்தில் இந்த விதி இப்படி இருக்கவில்லை. யோசேப்பின் மனைவி எகிப்தியர், மோசேயின் மனைவி சிப்போராள் மீதியானியர். அவர்கள் பெற்ற பிள்ளைகள் தந்தையின் குலத்தில்தான் எண்ணப்பட்டார்கள். பிற்பாடு யூத மதத் தலைவரான எஸ்றாவின் காலத்தில் அந்நிய மனைவியரை அவர்கள் பெற்ற பிள்ளைகளோடு அனுப்பிவிட முடிவெடுத்தார்கள். ஏறத்தாழ கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டநூலில் தாய்வழி விதி தெளிவாக நிற்கிறது. தாய் யார் என்பதில் ஐயம் வராது, அதனால்தான் இந்த விதி என்று பலரும் விளக்குவார்கள். எனக்கு அது போதவில்லை. கோஹேன் என்னும் குருமரபும் லேவியர் மரபும் இன்றுவரை தந்தைவழியில்தானே வருகின்றன?

எல்லா யூதர்களும் இந்த விதியை ஏற்பதில்லை. வேதாகமத்தை மட்டுமே சட்டமாக ஏற்கும் யூதப் பிரிவினரான காராயர்கள் தந்தைவழியைப் பார்க்கிறார்கள். சீர்திருத்த யூதம் என்னும் தாராளப் பிரிவின் அமெரிக்க ரபிகள் (மதகுருமார்) 1983-இல், பெற்றோரில் ஒருவர் யூதராக இருந்து பிள்ளையும் யூத வாழ்வை ஏற்று வளர்ந்தால் போதும் என்று அறிவித்தார்கள். இஸ்ரேலின் தலைமை ரபிகள் அதை ஏற்பதில்லை. என் மனம் அந்த 1983 முடிவின் பக்கம்தான்.

பேத்தி சைப்ரஸ் போய் லார்னகாவில் மணம் முடித்தாள். வெளிநாட்டில் நடந்த திருமணத்தை இஸ்ரேல் அரசு பதிவு செய்துகொள்ளும். விமானம் ஏறும் நிலையில் பாட்டி இல்லை. தொலைபேசியில் மணக்கோலத்தைப் பார்த்தார். பிறகு வந்த திருமணச் சான்றிதழின் நகலை மடித்து, அந்த டின்னில் பேத்தியின் பிறப்புச் சான்றிதழுக்கு மேலே வைக்கச் சொன்னார்.