பிரிக்காத பழைய ராக்கெட் கிட்: கட்டிப் பறக்கவிடலாமா?

கேள்வி: அமெரிக்காவில் கொலராடோவில் வசிக்கிறேன். பக்கத்துத் தெருவில் நடந்த பழைய சாமான் விற்பனையில் எஸ்டெஸ் நிறுவனத்தின் 'பிக் பெர்த்தா' மாடல் ராக்கெட் கிட் பிரிக்காத பையோடு கிடைத்தது. கூடவே பழைய மோட்டார்களும் இருக்கின்றன. மகளோடு சேர்ந்து கட்ட ஆசை. பிரித்தால் மதிப்பு போய்விடுமா? பழைய பாகங்களை நம்பலாமா?

பதில்: முதலில் அந்த மோட்டார்களைத் தனியே எடுத்து வையுங்கள். அவற்றைக் கொளுத்தவே கூடாது. காகிதக் குழாய்க்குள் கரிமருந்தை இறுக்கி அடைத்துச் செய்தவை அவை. கேரேஜில் கோடை வெயிலும் பனிக்காலக் குளிரும் மாறி மாறிப் பட்டால் மருந்துக்கும் குழாய்க்கும் நடுவே இடைவெளி விழும், மருந்திலேயே விரிசலும் வரலாம். அடிப்பக்கத்திலிருந்து சீராக எரிய வேண்டிய நெருப்பு அந்த இடுக்கில் நுழைந்து பரவினால் மோட்டார் வெடித்துவிடும். ராக்கெட்டும் அதோடு போகும். வெளிப்பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது என்பதுதான் ஆபத்து. குழாய் ஊறிப் பிரிந்து மருந்து சேறாகும்வரை தண்ணீரில் போட்டு வைத்து, பிறகு குப்பையில் சேருங்கள்.

இனி கிட். வெர்ன் எஸ்டெஸ் 1958-இல் டென்வரில் தொடங்கிய நிறுவனம் இது. பிறகு பென்ரோஸுக்கு மாறியது. ஆக, உங்கள் மாநிலத்திலேயே பிறந்த பொருள்தான் உங்கள் கையில் இருக்கிறது. பை பிரிக்காமல் இருந்தால் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருவார்கள், உண்மைதான். ஆனால் பிக் பெர்த்தா ஏராளமானோர் ஆசைப்பட்டுக் கட்டிய எளிய மாடல், அரிய பொருள் அல்ல. மகளோடு உட்கார்ந்து கட்டுங்கள் என்றே சொல்வேன்.

பிரித்ததும் பசையைத் தொடாதீர்கள். செய்முறைத் தாள், டெக்கால் (தண்ணீரில் நனைத்து ராக்கெட்மேல் ஒட்டும் எழுத்து, படத் தாள்), துடுப்பு வடிவத்தாள் இருந்தால் அது, எல்லாவற்றையும் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து ஸ்கேன் செய்யுங்கள். பால்சா என்ற லேசான மரம் உடைந்தால் கடையில் வேறு வாங்கலாம், குழாய் நசுங்கினால் அதே அளவில் புதிது கிடைக்கும். அந்த அச்சுத்தாள்கள் போனால் போனதுதான்.

டெக்காலில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எனக்கும் ஒருமுறை நடந்தது. ஓர் எழுத்தை வெட்டித் தண்ணீரில் போட்டேன். அரை நிமிடத்தில் அது அப்பளம்போல நொறுங்கி, துண்டு துண்டாக மிதந்தது. அதற்குப் பிறகு, உபயோகமில்லாத மூலையை மட்டும் முதலில் நனைத்துப் பார்க்கிறேன். உடைந்தால் முழுத்தாள்மேலும் டெக்காலுக்கென்றே விற்கும் பூச்சைத் தடவி, ஒரு நாள் காயவிட வேண்டும். பிறகு ஒவ்வோர் எழுத்தையும் ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். மஞ்சள் படிந்திருந்தால் வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் சில நாட்கள் ஒட்டி வையுங்கள், பெரும்பாலும் வெளுக்கும்.

ராக்கெட்டையும் மூக்குக்கூம்பையும் இணைக்கும் ரப்பர் பட்டையை இழுத்துப் பாருங்கள். ஓரத்தில் சின்னச் சின்ன வெடிப்பு தெரியும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, துணிக்கடை எலாஸ்டிக்கைக் சூடு தாங்கும் கெவ்லர் நூலோடு சேர்த்துக் கட்டுங்கள். பேரசூட் மடிப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும், டால்கம் பவுடர் தூவி மெல்லப் பிரியுங்கள். மரம் உலர்ந்து மூக்குக்கூம்பு தொளதொளவென்று இருந்தால் அடித்தண்டில் ஒரு சுற்று டேப் போதும்.

துடுப்புகளில் மரத்தின் நார் முன்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் தரையில் விழும்போது முறியும். மஞ்சள் மரப்பசையை இரண்டு பக்கமும் மெல்லத் தடவிக் காயவிட்டு, மறுபடி தடவி ஒட்டினால் இணைப்பு மரத்தைவிட உறுதியாகும். ஓர் இடத்தில் மட்டும் அவசரம் வேண்டும்: மோட்டார் தாங்கியைக் குழாய்க்குள் தள்ளும்போது நடுவில் நிறுத்தினால் பசை அங்கேயே பிடித்துக்கொள்ளும், பிறகு அசையாது. எவ்வளவு ஆழம் என்று ஒரு குச்சியில் முன்பே குறித்துக்கொண்டு, ஒரே மூச்சில் தள்ளிவிடுங்கள். பெயின்ட் அடிக்குமுன் பால்சாவுக்கு சீலர் பூசி, உப்புத்தாளால் தேய்ப்பதை மகளிடம் விடுங்கள். மூன்று நான்கு முறை தேய்த்தால்தான் மரத்தின் வரி மறையும்.

பறக்கவிட, கடையில் வாங்கிய புது மோட்டார் மட்டுமே. முதல் தடவைக்கு பி6-4 சரியாக இருக்கும். பி என்பது மோட்டார் தரும் மொத்தக் கணத்தாக்கின் (உந்துவிசை × எரியும் நேரம்) வகுப்பு, 6 என்பது நியூட்டன் கணக்கில் சராசரி உந்துவிசை, 4 என்பது எரிந்து முடிந்தபின் பேரசூட்டைத் தள்ளுமுன் வரும் வினாடிகள். பேரசூட்டுக்குக் கீழே தீப்பிடிக்காத வாடிங் தாளை வைக்க மறக்காதீர்கள், பழைய பிளாஸ்டிக் உருகிவிடும். மின்பொத்தான் வழியாக மட்டுமே ஏவுங்கள், 15 அடி தள்ளி நின்றுகொண்டு. காற்று அதிகமுள்ள நாளில் வேண்டாம், பெர்த்தாவின் பெரிய துடுப்புகள் ராக்கெட்டைக் காற்றை நோக்கித் திருப்பிவிடும்.