கம்பெனி ‘சி’யில் இருந்தவர் அந்த 47 பேரில் ஒருவரா?

கேள்வி: எங்கள் மகள் அமெரிக்கர் ஒருவரை மணந்து மினியாபொலிஸில் வசிக்கிறாள். மருமகனின் மூதாதையர் ஒருவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் மினசோட்டாவின் முதலாவது தொண்டர் காலாட்படை ரெஜிமென்டில் இருந்தவர். 1864 மே மாதத் தேதியிட்ட விடுவிப்புச் சான்று வீட்டில் இருக்கிறது. கம்பெனி ‘சி’ என்று அதில் எழுதியிருக்கிறது. ‘கெட்டிஸ்பர்க் தாக்குதலில் தப்பிய 47 பேரில் ஒருவர்’ என்று அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். பேத்திக்காகக் குடும்ப வரலாறு எழுதி வரும் நான் இதை எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: பாதி விடை அந்தச் சான்றில் உள்ள ‘சி’ என்ற ஒற்றை எழுத்திலேயே இருக்கிறது. அது குடும்பத்தார் எதிர்பார்க்கும் விடை அன்று என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெஜிமென்ட் என்பது கம்பெனி எனப்படும் சிறு பிரிவுகள் பல சேர்ந்த படை. அந்த ரெஜிமென்டின் வரலாறு வேறு, அதில் இருந்த ஒரு சிப்பாயின் வரலாறு வேறு. இரண்டையும் பொருத்திப் பார்க்க உதவுபவை கம்பெனி எழுத்தும் தேதியும்தான்.

1861 ஏப்ரலில் தெற்கு மாநிலங்களின் தாக்குதலில் சம்டர் கோட்டை வீழ்ந்து போர் தொடங்கியபோது வாஷிங்டனில் இருந்த மினசோட்டா ஆளுநர் அலெக்சாண்டர் ராம்சே, 14ஆம் தேதி போர்த்துறைச் செயலர் சைமன் கேமரனைச் சந்தித்து, ஆயிரம் பேரைத் தருவதாக வாக்களித்தார். மாநிலமாகி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த மினசோட்டா, லிங்கனுக்குப் படை தர முன்வந்த முதல் மாநிலம் என்ற பெயரை இப்படித்தான் பெற்றது. ஏப்ரல் 29 அன்று ஸ்நெல்லிங் கோட்டையில் மூன்று மாதப் பணிக்கென்று சேர்க்கப்பட்டவர்கள், சில வாரங்களிலேயே மூன்றாண்டுப் பணிக்கு மாற்றப்பட்டார்கள். ‘தொண்டர்’ என்பதால் சம்பளமில்லாத சேவை என்று எண்ண வேண்டாம். நிரந்தர ராணுவத்தைச் சேராமல், மாநிலம் ஆள் திரட்டி, குறிப்பிட்ட காலத்துக்கு மத்திய அரசின் பணியில் ஒப்படைத்த படை என்பதே பொருள். சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர் கிடைத்தது.

இனி, அந்த 47 என்ற எண்ணுக்கு வருவோம். 1863 ஜூலை 2 மாலை, கெட்டிஸ்பர்க்கில், செமட்ரி ரிட்ஜ் மேட்டுக்கு முன்னால் வடக்கின் ஜெனரல் சிக்கிள்ஸின் படை நிலைகுலைந்து பின்வாங்க, வடக்கின் அணியில் விழுந்த இடைவெளியை நோக்கி, தெற்கின் ஜெனரல் வில்காக்ஸின் அலபாமா பிரிகேட் வந்துகொண்டிருந்தது. உதவிப்படை வந்து சேரச் சில நிமிடங்களாவது வேண்டியிருந்த நிலையில், ஜெனரல் ஹேன்காக் அருகில் நின்ற இந்த ரெஜிமென்டைப் பாயச் சொன்னார். கர்னல் வில்லியம் கால்வில் தலைமையில் 262 பேர் துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினார்கள். வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கின்படி 215 பேர் இறந்தோ காயம்பட்டோ வீழ்ந்தார்கள். காயமின்றி மீண்டவர்கள் 47 பேர். இந்தக் கணக்கைப் பின்னாளைய ஆய்வாளர்கள் கேள்விக்குட்படுத்தியிருக்கிறார்கள் என்றாலும், உங்களுக்கு முக்கியமானது வேறொன்று: அந்த 262 பேரும் எட்டுக் கம்பெனிகளைச் சேர்ந்தவர்கள். ‘எஃப்’ கம்பெனி முன்னணிச் சிதறல் அணியாக வேறிடம் அனுப்பப்பட்டிருந்தது. குறிபார்த்துச் சுடும் ‘எல்’ கம்பெனி பீரங்கி அணி ஒன்றுக்குத் துணையாக நின்றது. ‘சி’ கம்பெனியோ டிவிஷன் தலைமையகத்தில் படைக் காவல் பணியில் இருந்தது. ஆகவே அன்று மாலை ‘சி’ கம்பெனி அந்தச் சரிவில் ஓடவில்லை.

இதனால் உங்கள் மருமகனின் மூதாதையருடைய மதிப்புக் குறைந்துவிடாது. மறுநாள், தெற்கின் ஜெனரல் பிக்கெட்டின் புகழ்பெற்ற தாக்குதலின்போது, 28ஆவது வர்ஜீனியா ரெஜிமென்டின் கொடியைக் கைப்பற்றி, அமெரிக்காவின் மிக உயரிய வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் பெற்ற மார்ஷல் ஷெர்மன் இதே ‘சி’ கம்பெனிக்காரர்தான். வர்ஜீனியா திரும்பக் கேட்டும் கொடுக்காமல், அந்தக் கொடியை மினசோட்டா வரலாற்றுச் சங்கம் செயின்ட் பால் நகரில் இன்றும் வைத்திருக்கிறது. (கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம், மினசோட்டாவில் இதைச் சொன்னால் யாரும் காபி தரமாட்டார்கள்.) உங்களவர் ஜூலை 3 அன்று அங்கே இருந்திருக்க வாய்ப்பு உண்டு. வாய்ப்பை உறுதியாக்க ஆவணம் வேண்டும்.

அதற்கு அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள அவருடைய சேவைக் கோப்பைப் பெறுங்கள். என்ஏடிஎஃப் 86 என்ற படிவத்தில், கட்டணம் செலுத்தி, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கோப்பில் வருபவை பெரும்பாலும் சிறு அட்டைகள்: மஸ்டர் ரோல்களிலிருந்து ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே இருந்ததை எழுத்தர்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகு பெயர்த்தெழுதியவை. நம்மூரில் கூலி வேலைக்கு எடுக்கும் மஸ்டர் ரோல் போலவே அங்கும் அது வருகைப் பதிவு, சம்பளப் பதிவு இரண்டுமாக இருந்தது. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை, மாதக் கடைசி நாளில் எடுக்கப்பட்டது. இந்த நுணுக்கத்தைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். ‘மே, ஜூன் 1863’ அட்டையில் ‘ஆஜர்’ என்றிருந்தால், சண்டைக்கு இரண்டு நாள் முன்பு, ஜூன் 30 அன்று, அவர் படையோடு இருந்தார் என்றுதான் பொருள். அடுத்ததாக ‘ஜூலை, ஆகஸ்ட்’ அட்டையை எடுத்து, ‘ஜூலை 2 அல்லது 3இல் காயம்’, ‘மருத்துவமனையில் உள்ளார்’, ‘வேறு பணிக்கு அனுப்பப்பட்டார்’ போன்ற குறிப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தனிப்பட்ட முறையில் அவர் வேறு கம்பெனியோடு இருந்திருந்தால் அதுவும் இங்கேதான் தெரியவரும். காலியாக விட்ட கட்டத்துக்கு எந்தப் பொருளும் கொடுத்துவிடாதீர்கள்.

சேவைக் கோப்பு பெரும்பாலும் மெலிந்தே இருக்கும். குடும்பக் கதை வேண்டுமானால் ஓய்வூதியக் கோப்பைக் கேளுங்கள். படிவம் என்ஏடிஎஃப் 85. போரில் ஏற்படாத உடற்குறைக்கும், 90 நாள் சேவை இருந்தால் ஓய்வூதியம் உண்டு என்று 1890ஆம் ஆண்டுச் சட்டம் கதவைத் திறந்துவிட்டதால், பிழைத்திருந்த முன்னாள் சிப்பாய்களில் பலர் விண்ணப்பித்தார்கள். மருத்துவர் அறிக்கை, கூட இருந்தவர்களின் வாக்குமூலம், விதவை விண்ணப்பித்திருந்தால் திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறந்த தேதி எல்லாம் அதில் கிடைக்கக்கூடும். ஒரு எச்சரிக்கை: வாக்குமூலங்கள் பணம் கேட்டு, பல்லாண்டுகள் கழித்துச் சொன்னவை. அட்டையும் வாக்குமூலமும் முரண்பட்டால் தேதி விஷயத்தில் நான் அட்டையை நம்புவேன்; கால் எப்படி நொண்டியானது என்பதில் வாக்குமூலத்தைக் கேட்பேன்.

விண்ணப்பிக்கும் முன் தேசியப் பூங்காத் துறையின் இலவச உள்நாட்டுப் போர் வீரர் தரவுத்தளத்தில் பெயரைத் தேடி, எழுத்துக்கூட்டல் எத்தனை விதமாக உள்ளது என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘முதலாவது மினசோட்டா’ என்றதும் ஏமாந்துவிடாதீர்கள். 1864இல் உருவான முதலாவது பட்டாலியனும், கனரகப் பீரங்கிப் படையும், டகோட்டா பழங்குடி மக்களுக்கு எதிராகப் போன குதிரைப்படையும் அதே எண்ணைக் கொண்டவை. உங்கள் சான்றின் தேதி இதில் துணைசெய்கிறது: மூன்றாண்டு முடிந்து 1864 வசந்தத்தில் விடுவிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் 1861இலேயே சேர்ந்தவர்கள்; பின்னால் சேர்ந்தவர்களும் மறுபடி கையெழுத்திட்டவர்களும் அந்தப் பட்டாலியனுக்குப் போனார்கள். அப்படியானால் அவர் முதலாம் புல் ரன் முதல் ஆண்டீட்டம் வரையிலான சண்டைகளைக் கண்டிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் உரிய இருமாத அட்டையோடு ஒத்துப்பாருங்கள்.

கோப்பு வரும்வரை பேத்தியின் ஏட்டில் இப்படி எழுதலாம்: ‘ஜூலை 2 தாக்குதலில் பங்கேற்காத, மறுநாள் சண்டையிட்ட ‘சி’ கம்பெனியில் சேவை செய்தார், 1864 மே மாதம் விடுவிக்கப்பட்டார்.’ அந்தப் பழைய சான்றின் இரு பக்கங்களையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அசலைத் தபாலில் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.