எரவான் பிரம்மாவுக்கு நேர்ந்த நடனம்: எங்கே பணம் கட்டுவது?

கேள்வி: பாங்காக் எரவான் சன்னதியின் நான்முகப் பிரம்மாவுக்கு நடனம் வைப்பதாக அம்மா வேண்டிக்கொண்டார். அவரால் வர முடியாது. நான் போய்ச் செலுத்தலாமா? நடைபாதையில் ஒருவர் 'எல்லாம் சேர்த்து' 2,000 பாட் கேட்டதாக நண்பர் சொல்கிறார்.

பதில்: தாராளமாகச் செலுத்தலாம். அந்த நடைபாதை ஆளிடம் மட்டும் ஒரு பாட்கூடக் கொடுக்காதீர்கள். ராச்சபிரசோங் முனையில் இருக்கும் சன்னதியின் வேலிக்குள்ளேயே நடனத்துக்குக் கவுன்டர் உண்டு. இரண்டு பேர், நான்கு பேர் என்று ஆடுபவர்களின் எண்ணிக்கைப்படி கட்டணம். சீட்டில் பெயர் கொடுத்து, முறை வந்ததும் சன்னதியைப் பார்த்து மண்டியிட வேண்டும். பக்கத்து மண்டபத்தில் பாடி ஆடுவார்கள். சில நிமிடம்தான்.

சீட்டில் அம்மாவின் பெயரை எழுதுங்கள், உங்கள் பெயரை அல்ல. பாடும்போது அந்தப் பெயரைத்தான் சேர்ப்பார்கள். இனிஷியல் வேண்டாம், ஆங்கில எழுத்தில், தாய்லாந்துக்காரர் வாயில் நுழைகிற அளவுக்குச் சுருக்கமாக. எட்டுப் பேர் ஆடுவதாக நேர்ந்திருந்தால் எட்டுப் பேர்தான், நாலோடு நிறுத்தக் கூடாது. எண்ணிக்கை சொல்லாமல் நேர்ந்திருந்தால் இரண்டு போதும். விமானம் ஏறுமுன் அம்மாவிடம் கேட்டுவிடுங்கள்.

இப்போது முக்கியமானது. சிட் லோம் ரயில் நிலையத்திலிருந்து இறங்கி வரும்போதே யாராவது கையில் மாலையைத் திணிப்பார்கள். வாங்கிவிட்டால் ஊதுவத்தி, மெழுகுவர்த்தி, மர யானை என்று ஏறிக்கொண்டே போகும். மொத்தத் தொகையைக் கடைசியில்தான் சொல்வார்கள். கையை நீட்டவே நீட்டாதீர்கள். கூண்டுக் குருவியை விடுதலை செய்வது புண்ணியமில்லை, விடுவதற்கென்றே பிடித்து வந்தவை அவை. 'இன்று சன்னதியை மூடிவிட்டார்கள்' என்று சொல்லும் டுக்டுக் ஆட்டோக்காரரை நம்பாதீர்கள். திறந்தவெளிச் சன்னதி, மேலே உள்ள நடைமேம்பாலத்திலிருந்து பார்த்தாலே தெரியும். 2006 மார்ச்சில் உடைக்கப்பட்ட சிலைக்குப் பதில் மே மாதமே புதுச்சிலை வைத்தார்கள். 2015-இல் இங்கே நடந்த குண்டுவெடிப்புக்குப் பின் இரண்டே நாளில் திறந்தார்கள். மாலை திணிக்கும் இந்த ஆட்களை வாசலைவிட்டு நகர்த்த மட்டும் ஏனோ முடிவதில்லை!

உள்ளேயே பூஜைச் சாமான் வாங்கலாம். முன்முகத்தில் தொடங்கி வலமாக, முகத்துக்கு மூன்று ஊதுவத்தி, ஒரு மாலை. ஆக 12 ஊதுவத்தி, 4 மாலை. நெரிசலில் பலர் பின்முகத்தை விட்டுவிடுகிறார்கள். வைத்ததைப் பணியாளர் உடனே அள்ளுவார், பதறாதீர்கள், இடம் சிறியது.

அர்ச்சனை, விபூதியை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். அதற்குச் சீலோம் சாலையில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. டாக்சிக்காரரிடம் 'வாட் கேக்' என்று சொல்லுங்கள். மாரியம்மன் என்றால் அவர்களுக்குப் புரிவதில்லை.