பாலைவனப் பந்தய வண்டி கட்டும்போது புதுமை முக்கியமா, எளிமை முக்கியமா?

வண்டி கடைசிவரை ஓட வேண்டும் என்பதால் எளிமைக்கே என் வாக்கு. 1967இல் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில், டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை நடந்த முதல் 'மெக்சிகன் 1000' பந்தயத்தைப் பாருங்கள். வென்றது புரூஸ் மேயர்ஸ் வடிவமைத்த மேயர்ஸ் மாங்க்ஸ். நேரம் 27 மணி 38 நிமிடம்.

அது என்ன வண்டி? ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தட்டை வெட்டிக் குறுக்கி, மேலே கண்ணாடியிழைக் கூடு. புதுமை அந்தக் கூடு மட்டும்தான். எஞ்சின் காற்றாலேயே குளிர்வது. கல் பட்டு ஓட்டையாக ரேடியேட்டரே கிடையாது. எஞ்சினின் எடை பின்சக்கரங்களை மணலில் அழுத்திப் பிடிமானம் தந்தது. எவ்வளவு அழகான தீர்வு!

2024 டக்கார் பாலைவனப் பந்தயத்தில் ஜெர்மன் கார் தயாரிப்பாளரான ஆடி (Audi), மின்மோட்டார்களால் ஓடும் வண்டியை வெல்ல வைத்தது உண்மை. ஆனால் அது மூன்றாவது முயற்சி. பின்னால் ஒரு பெரிய நிறுவனமே நின்றது.

சஸ்பென்ஷனில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஓயாமல் குலுங்கினால், குலுக்கலைத் தணிக்கும் டேம்பருக்குள் (ஷாக் அப்சார்பர்) எண்ணெய் சூடேறி நுரைக்கும். அதிர்வைத் தாங்கும் திறன் போய்விடும். தனி எண்ணெய்க் கலம் உள்ள டேம்பருக்குத் தயங்காமல் செலவழியுங்கள்.